மம்பட்டியா, முள்ளா?



கம்பம் பள்ளத்தாக்கில் விவசாயம் பார்க்கிற எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரோரம் ஒரு மம்பட்டி சாய்ந்திருக்கும். மடை திறக்க, வரப்பு அணைக்க, வாழைக்கு மண் ஏற்ற, தென்னைக்கு வட்டப்பாத்தி எடுக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். கொல்லையில் மேட்டுப்பாத்தி போட்டுக் கீரையும் கத்தரியும் வளர்ப்பவர்களும், மண் இறுகியதும் அதைத்தான் கையில் எடுக்கிறார்கள். மேட்டுப்பாத்தியை உருவாக்க மம்பட்டி கட்டாயம் வேண்டும். ஆனால் உருவான பாத்தியை இளக்குவதற்கு அது ஏற்றதல்ல.

முதலில் பாத்தி உருவாகும் நாளைப் பார்ப்போம். அந்த இடம் முன்பு நெல் வயலா என்று கவனியுங்கள். 1895இல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீரில் இன்று பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயலாக இருக்கிறது. வருடா வருடம் சேறு கலக்கி நடவு நடும் வயலில், அரை அடிக்குக் கீழே மண் கெட்டித்துத் தளம் போல ஆகிவிடும். நெல்லுக்கு அது நல்லது, தண்ணீரை நிறுத்தி வைக்கும். தக்காளி, கத்தரி வேருக்கோ அது தடை. மழைத்தண்ணீர் வடியாமல் வேர் அழுகும். அப்படிப்பட்ட இடத்தில் பாத்தி போடுகிறீர்கள் என்றால், முதல் தடவை கடப்பாரையால் அந்தத் தளத்தை உடைத்துவிட்டு, மம்பட்டியால் மண்ணை மேலேற்றுங்கள். மட்கிய தொழுவுரமும், மட்க வைத்த தென்னை நார்க்கழிவும் கலந்துகொள்ளுங்கள். பாத்தியின் அகலம் மூன்றிலிருந்து நான்கு அடிக்குள் இருக்கட்டும். அப்போதுதான் இரண்டு பக்கமும் நின்று நடுவரை கை எட்டும்.

இனி அடுத்த பட்டத்துக்கு வருவோம். அறுவடை முடிந்த பாத்தியில் பழைய வேர்கள் மட்கிய துளைகள் இருக்கும், மண்புழு போன வழிகள் இருக்கும். காற்றும் தண்ணீரும் அந்த வழியாகத்தான் கீழே இறங்குகின்றன. மம்பட்டி அவற்றை வெட்டி, அடிமண்ணை மேலே புரட்டிப் போட்டுவிடும். ஆடிக்காற்று வீசும் நாட்களில் புரட்டிய ஈரமண் சீக்கிரமே உலர்ந்துவிடும். கோரை இருந்தால் இன்னும் மோசம். வெட்டுப்பட்டுச் சிதறிய கிழங்குகள் பாத்தி முழுக்கப் பரவி முளைத்து வரும். போதாததற்கு, ஓங்கி வெட்டும்போது சொட்டுநீர்க் குழாயும் பாத்தியின் செங்கல் விளிம்பும் அடிபடும்.

இந்த வேலைக்கு நான்கு முள் உள்ள தோட்ட முள்கரண்டி போதும். முள்ளை நேராக மண்ணில் ஊன்றி, காலால் அழுத்தி இறக்குங்கள். பிடியை உங்கள் பக்கம் சாய்த்து இழுங்கள். மண் லேசாக எழும்பி, வெடித்து, அதே இடத்தில் அமரும். புரட்ட வேண்டாம். முள்ளை உருவி, அரை அடி தள்ளி மறுபடி ஊன்றுங்கள். கோரைக்கிழங்கும் பெரும்பாலும் முழுசாக மேலே வரும், பொறுக்கிவிடலாம்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, முள்ளின் கனம். தட்டையான மெல்லிய முள் மணல்சாரி மண்ணுக்குத் தாங்கும். களிமண்ணிலும் சரளை மண்ணிலும் வளைந்துவிடும். அங்கே கனமான சதுர முள்தான் நிற்கும். இரண்டு, காம்பின் நீளம். தரையில் நிற்கும்போது சரியாக இருக்கும் காம்பு, ஒன்றரை அடி உயரப் பாத்தியில் ஊன்றினால் நெஞ்சுக்கு மேலே வந்துவிடும். பாத்தி உயர உயரக் காம்பு குட்டையாக வேண்டும்.

இரண்டு கைப்பிடியும் ஐந்தாறு முள்ளும் கொண்ட அகலமான கருவி ஒன்றும் உண்டு. பிரான்சில் ஆந்த்ரே கிரெலின் என்பவர் உருவாக்கியது. நீளநீளமாகப் பல பாத்தி வைத்துக் காய்கறி விற்பவர்களுக்கு அது நல்ல துணை. வீட்டுக்கு மட்டும் என்றால் அவ்வளவு கனம் தேவையில்லை. பவர் வீடரைச் சின்னப் பாத்திக்குள் இறக்காதீர்கள். அது மண்ணைத் தூளாக்கிவிடும். தூளான மண் அடுத்த மழையில் மேலே ஏடு கட்டும். அப்படிக் கட்டிய ஏட்டைக் கலைக்க, களைக்கொத்தால் மேலாகக் கொத்திவிட்டாலே போதும்.

எந்தக் கருவியானாலும் ஈரம் பார்த்து இறங்குங்கள். அரை அடி ஆழத்து மண்ணை ஒரு பிடி எடுத்து உருண்டை பிடியுங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் உதிர வேண்டும். களி போல ஒட்டினால் இரண்டு நாள் பொறுங்கள். உருண்டையே பிடிக்க வராவிட்டால், முதல்நாள் மாலை தண்ணீர் விடுங்கள். இளக்கத்தான் வேண்டுமா என்று அறிய, சுண்டுவிரல் பருமனுள்ள கம்பியை ஊன்றிப் பாருங்கள். கைப்பலத்தில் ஓரடி இறங்கினால் அந்தப் பட்டத்துக்கு இளக்கவே வேண்டாம், மட்குரத்தை மேலே போட்டு நட்டுவிடலாம்.

மண் பற்றிச் சந்தேகம் இருந்தால் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியையோ, காமாட்சிபுரம் வேளாண் அறிவியல் மையத்தையோ கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. பாத்தி இறுகுவதற்கு முதல் காரணம் நம் கால்தான். விதைக்கவோ பறிக்கவோ பாத்திமேல் ஏறி நின்றால், ஊன்றிய பாதத்தின் கீழே மண் அமுங்கி இறுகிவிடும். நடைபாதையில் நின்றே வேலை செய்யுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். அந்தப் பழக்கம் வந்துவிட்டால், வாங்கிய முள்கரண்டிக்கு வருடத்தில் ஓரிரு நாள்தான் வேலை இருக்கும்.