பெயரை மாற்றிக்கொண்டு ஆட வந்தவர்: எஃப்ரென் ரெயெஸும் பந்தய மேசையும்

இன்னைக்கு எபிசோடுல ஒரு பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரரைப் பத்திப் பேசப் போறோம். நேரா கதைக்கே போயிடலாம்.

1985. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரம். ரெட்ஸ் என்ற இடத்தில் ஒரு நைன் பால் போட்டி. அந்தக் காலத்து அமெரிக்கப் பெரிய கைகள் பலர் ஆடுகிறார்கள். பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஒல்லியான ஒரு மனிதரும் பெயர் கொடுக்கிறார். சீசர் மொராலெஸ். யாருக்கும் தெரியாத பெயர். கடைசியில் கோப்பையைத் தூக்கியது அவர்தான்.

அவர் பெயர் சீசர் மொராலெஸ் இல்லை. எஃப்ரென் ரெயெஸ். பில்லியர்ட்ஸ் உலகத்தில் இன்றைக்கு ‘மந்திரவாதி’ என்று சொன்னால் அவர்தான். ஆனால் அன்றைக்குச் சொந்தப் பெயரில் ஆட வந்திருந்தால் அவருக்கு நஷ்டம். ஏன் நஷ்டம்? அதுதான் இன்னைக்குக் கதை.

கோலா பெட்டி மேல் நின்ற பையன்

ரெயெஸ் பிறந்தது 1954-ல், பிலிப்பைன்ஸின் பம்பாங்கா மாகாணத்தில். ஐந்து வயதில் அவரை மணிலாவில் உள்ள உறவுக்காரர் ஒருவரிடம் அனுப்பிவிட்டார்கள். அந்த உறவுக்காரர் நடத்தியது ‘லக்கி 13’ என்ற பில்லியர்ட்ஸ் ஹால். பகலில் எடுபிடி வேலை. மேசை எட்டாத உயரம் என்பதால் கோகோ கோலா பெட்டிகளை அடுக்கி, அதன் மேல் ஏறி நின்று ஆடப் பழகினார். ராத்திரி கடையை மூடியதும் படுக்கை எங்கே? அதே மேசை மேல்தான்.

அங்கே ஏற்கெனவே இன்னொரு எஃப்ரென் இருந்தார், வயதில் மூத்தவர். குழப்பம் வரக்கூடாது என்று இவரை ‘பாட்டா’ என்று கூப்பிட்டார்கள். நம்ம ஊர் செருப்புக் கடை இல்லீங்க. அவங்க மொழியில அதுக்குக் குழந்தை, பொடியன்னு அர்த்தம். எழுபது வயது தாண்டியும் அவர் ‘பாட்டா’தான்.

பிலிப்பைன்ஸில் ரொம்பப் பிரபலமான ஆட்டம் ரொட்டேஷன். மேசையில் 15 பந்துகள். எப்போதும் இருப்பதிலேயே சின்ன எண் பந்தைத்தான் வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். 7-ஐக் குழியில் போட்டால் 7 புள்ளி, 15-ஐப் போட்டால் 15 புள்ளி. 1 முதல் 15 வரை கூட்டினால் 120. அதனால் 61 எடுத்தவர் ஜெயித்தார்.

இந்த விதியில் ஒரு சிக்கல் இருக்கு. போன்ல எட்டுப் பந்து கேம் ஆடினவங்களுக்குத் தெரியும், அதுல நம்ம பங்குக்கு ஏழு பந்து, எது வசதியோ அதை அடிக்கலாம். ரொட்டேஷனில் அந்த வசதி கிடையாது. உங்களுக்குத் தேவை 3-ஆம் நம்பர் என்றால், அது வேறு நாலு பந்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தாலும் 3-தான். நேர் வழி இல்லை என்றால் வெள்ளைப் பந்தைச் சுவரில் மோதவிட்டு, சுற்றி வந்துதான் தொட வேண்டும். அப்படிச் சின்ன வயதிலிருந்து வருஷக்கணக்கில் சுற்றி வந்து பழகிய ஆளுக்கு மேசையின் ஓரங்கள் எல்லாம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். எந்தக் கோணத்தில் போனால் எங்கே திரும்பும் என்று யோசிக்கவே வேண்டாம்.

1995-ல் ரீனோவில் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்டுடன் ஆடிய ஆட்டம் யூடியூபில் இருக்கிறது. ஸ்கோர் 12-12. அடிக்க வேண்டிய பந்து மறைந்துவிட்டது. ரெயெஸ் வெள்ளைப் பந்தை இரண்டு ஓரங்களில் மோதவிட்டு, ஆங்கில ‘இசட்’ எழுத்து மாதிரி மேசையைக் குறுக்கே கடக்க வைத்து, அந்தப் பந்தைக் குழியிலும் தள்ளினார். கூட்டம் எழுந்து நின்று கத்துது. மனுஷன் ஏதோ தப்புப் பண்ணிட்ட மாதிரி சிரிக்கிறார். எல்லாரும் மந்திரம்னு சொன்னாங்க. எனக்கு அதுல தெரியறது லக்கி 13-ன் அந்தக் கோலா பெட்டிகள்தான்.

விளக்கு மேல் வைக்கும் பணம்

இப்போ பந்தயத்துக்கு வருவோம். அவர் வளர்ந்தது கோப்பைகளுக்காக ஆடி இல்லை. காசு வைத்து ஆடி. நம்ம ஊர் ஸ்னூக்கர் பார்லர்ல, தோத்தவன் டேபிள் காசு கொடுக்கணும்னு ஆடுவோம்ல? அது இதோட எல்.கே.ஜி.

பெரிய பந்தய ஆட்டத்தில் முதல் அடி விழுவதற்கு முன்னாலேயே மூன்று விஷயங்கள் முடிவாகிவிடும்.

முதலாவது, எதிரில் நிற்பது யார்? அவர் எங்கே ஆடினார், யாரிடம் தோற்றார் என்று விசாரித்து வைத்திருப்பார்கள்.

இரண்டாவது, ஆட்டம் சமமா? இல்லையென்றால் பலசாலி விட்டுக்கொடுக்க வேண்டும். இதற்கு ‘ஸ்பாட்’ என்று பெயர். நைன் பாலில் 9-ஆம் நம்பர் பந்தைப் போட்டவர் ஜெயிப்பார். பலம் குறைந்தவர், “எனக்கு 8-ஐயும் கொடு” என்று கேட்கலாம். அப்படியென்றால் அவர் 8-ஐப் போட்டாலும் ஜெயித்த மாதிரி. எதிராளிக்கு 9 மட்டும்தான். இந்தப் பேரம் சில சமயம் ஆட்டத்தைவிட நீளமாகப் போகும். படியவில்லை என்றால் குச்சியை உறையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். அதில் ஒரு அவமானமும் கிடையாது.

மூன்றாவது, பணம் எங்கே? இரண்டு பேரும் பணத்தை எடுத்து மேசைக்கு மேலே தொங்கும் விளக்கின் மேல் வைப்பார்கள், இல்லையென்றால் இருவரும் நம்பும் மூன்றாவது ஆள் கையில் கொடுப்பார்கள். ஜிபே பண்றேன் மச்சி, நாளைக்குத் தர்றேன், எதுவும் செல்லாது.

அந்தப் பணம் பெரும்பாலும் ஆடுபவருடையது இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லணும். பின்னால் ஒரு முதலாளி இருப்பார். ஜெயித்தால் பங்கு பிரிப்பார்கள், தோற்றால் நஷ்டம் முதலாளிக்கு. ஆட்டக்காரர் எதிராளியோடு சேர்ந்துகொண்டு வேண்டுமென்றே தோற்றுவிட்டால்? அந்தப் பயமும் எப்போதும் உண்டு. அதனால் இந்தத் தொழிலில் கைத்திறனுக்கு அடுத்த முதலீடு, ‘இவன் நம்மை விற்க மாட்டான்’ என்ற பெயர்.

இப்போது 1985-க்குத் திரும்பலாம். பிலிப்பைன்ஸில் ரெயெஸ் என்று ஒருவர் இருக்கிறார் என்ற பேச்சு அமெரிக்க ஆட்டக்காரர்கள் காதுக்கு ஏற்கெனவே போயிருந்தது. அந்தப் பெயரைச் சொன்னால் யாரும் காசு வைக்க மாட்டார்கள், வைத்தாலும் பெரிய ஸ்பாட் கேட்பார்கள். அதனால் வேறொரு பெயரை வைத்துக்கொண்டார். மூன்று கேள்வியில் முதல் கேள்விக்குப் பொய்ப் பதில் சொன்னார். இதை நான் நியாயப்படுத்த மாட்டேன். எதிரில் நின்றவர்கள் யாருடன் ஆடுகிறோம் என்று தெரியாமல்தான் ஆடினார்கள்.

ஆனால் இதில் ஒரு விசித்திரமான கணக்கு இருக்கிறது. நம்ம வேலையில பேர் தெரிய ஆரம்பிச்சா சம்பளம் ஏறும். பந்தய ஆட்டக்காரருக்குப் பேர் தெரிய ஆரம்பிச்சா வருமானம் குறையும். ஜெயிக்க ஜெயிக்க எதிராளிகள் காணாமல் போவார்கள். லிங்க்ட்இன் ப்ரொஃபைலே இருக்கக்கூடாத ஒரு தொழில்னு வெச்சுக்கோங்களேன். மொராலெஸ் என்ற முகமூடி ஒரு பயணத்துக்குத்தான் தாங்கியது. உண்மை வெளியே வந்ததும் ரெயெஸுக்கு மிச்சம் இருந்த பெரிய வழி, சொந்தப் பெயரில் போட்டிகளில் ஆடுவது. 1994-ல் யு.எஸ். ஓபன் நைன் பால் பட்டத்தை வென்றார். அமெரிக்கர் அல்லாத ஒருவர் அதை வென்றது அதுதான் முதல் தடவை. 1999-ல் கார்டிஃபில் உலக சாம்பியன்.

237 ஆட்டம், வித்தியாசம் 3

1996-ல் ஹாங்காங்கில் ரெயெஸுக்கும் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்டுக்கும் ஒரு மோதல் ஏற்பாடானது. அதற்கு வைத்த பெயர் ‘தி கலர் ஆஃப் மனி’. மார்ட்டின் ஸ்கார்செஸியின் 1986 படத்தின் பெயர்தான். நைன் பால், யார் முதலில் 120 ஆட்டங்களை எடுக்கிறாரோ அவர் வெற்றி. பரிசு 1,00,000 டாலர், மொத்தமும் ஜெயித்தவருக்கு. தோற்றவருக்கு எதுவும் இல்லை.

சாதாரணப் போட்டியில் முதலில் 9 அல்லது 11 ஆட்டங்களை எடுத்தவர் ஜெயித்துவிடுவார். அதில் ஒரு அதிர்ஷ்ட அடி, ஒரு மோசமான தொடக்கம் எல்லாம் முடிவை மாற்றிவிடும். நம்ம பாஷையில சொன்னா சாம்பிள் சைஸ் பத்தாது. 120 என்றால் அதிர்ஷ்டம் இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். இது பந்தயக்காரர்களின் பழைய அறிவு. பெரிய காசு வைக்கும்போது நீளமாக ஆடு என்பார்கள்.

மூன்று நாள் ஆடினார்கள். ஒரு கட்டத்தில் ரெயெஸ் 17 ஆட்டங்கள் பின்னால் இருந்தார். கடைசி ஸ்கோர் 120-117, ரெயெஸுக்கு. மொத்தம் 237 ஆட்டங்கள், வித்தியாசம் வெறும் 3. சாமர்த்திய அடிகளை யார் வேண்டுமானாலும் யூடியூபில் ரசிக்கலாம். 17 பின்னால் இருக்கும்போது பதறாமல் அடுத்த ஆட்டத்தை மட்டும் ஆடுவது பந்தய மேசையில் வளர்ந்தவருக்கு வரும் குணம்.

ஐந்து லட்சம் டாலர்

2005-ல் கெவின் ட்ரூடோ என்ற அமெரிக்கர், டி.வி.யில் நீளமான விளம்பர நிகழ்ச்சிகள் மூலம் பொருள் விற்றுப் பணக்காரர் ஆனவர், ஐ.பி.டி. என்ற தொழில்முறை டூரைத் தொடங்கினார். புகை படிந்த ஹாலில் இருந்து இந்த விளையாட்டைத் தூக்கி, கோல்ஃப் மாதிரி, டென்னிஸ் மாதிரி பெரிய பரிசு விளையாட்டாக ஆக்குவதாகச் சொன்னார். ஆட்டக்காரர்களுக்குக் கனவு மாதிரி இருந்திருக்கும். இனிமேல் பேரை மறைக்க வேண்டாம், ராத்திரியில் பேரம் பேச வேண்டாம்.

2006 செப்டம்பர், ரீனோ. ஐ.பி.டி. வேர்ல்டு ஓபன், எட்டுப் பந்து ஆட்டம். இறுதியில் ரெயெஸ், ராட்னி மோரிஸை 8-6 என்று வென்றார். முதல் பரிசு 5,00,000 டாலர். அதுவரை இந்த விளையாட்டில் யாரும் கேள்விப்படாத தொகை.

போட்டி முடிந்த பிறகு, பரிசுப் பணத்தை மொத்தமாகக் கொடுக்க முடியவில்லை என்று டூர் நிர்வாகம் சொன்னது. தவணையில் தருவதாகச் சொன்னார்கள். ரெயெஸுக்கு மட்டும் இல்லை, அங்கே ஆடிய எல்லோருக்கும் அதே கதி. அந்த டூர் அதன் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

மணிலாவில் சூதாட்டம் என்று ஊரார் முகம் சுளித்த மேசையில், பணம் விளக்கு மேல் கண்ணுக்கு எதிரில் இருந்தது. கேமராக்கள், ஸ்பான்சர், பெரிய ஹோட்டல் எல்லாம் இருந்த மேசையில் பணம் காகிதத்தில் இருந்தது. மூன்றாவது கேள்வியை அங்கே யாரும் அழுத்தமாகக் கேட்கவில்லை. இவ்வளவு பெரிய நிகழ்ச்சி நடத்துகிறவரிடம் போய் எப்படிக் கேட்பது? ஸ்டார்ட்அப்பில் வேலை பார்க்கும் நண்பர்களே, சி.டி.சி.யில் பாதி பங்குகளாக இருக்கும் ஆஃபர் லெட்டரை ஒருதடவை எடுத்துப் பார்த்துக்கோங்க. நான் வேற எதுவும் சொல்லல.

கதையில் வராதவர்கள்

இந்த எபிசோடைக் கேட்டுட்டு யாராவது பந்தயம் கட்டக் கிளம்பினா, அதுக்கு நான் பொறுப்பில்லை. நமக்கு ரெயெஸின் கதை தெரிவதற்குக் காரணம் அவர் ஜெயித்தவர் என்பதுதான். அவரிடம் தோற்றவர்களின் வீட்டு வாடகையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. லக்கி 13 மாதிரி ஹால்களில் வளர்ந்து, திறமை கொஞ்சம் குறைவாக இருந்த பையன்கள் என்ன ஆனார்கள் என்பதும் எந்த வீடியோவிலும் இல்லை.

பந்தயம் கெட்டதுதான். ஆனால் அந்த மேசையில்கூட மூன்று கேள்விகள் இருந்தன. எதிரில் யார், ஆட்டம் சமமா, பணம் எங்கே. ஆன்லைன் ரம்மியைப் பத்தி சட்டம், கோர்ட்னு நம்ம ஊர்ல பல வருஷமா பேசுறோம். 2025 வரைக்கும் அந்தத் திரையில எதிரில் இருந்தது யாருன்னு தெரியாது. நீங்க ஆரம்பநிலை, அவர் தினம் பத்து மணி நேரம் ஆடுறவர்னா ஸ்பாட் கேட்க வழி இருந்ததில்லை. யார் ஜெயிச்சாலும் நடத்தினவருக்குப் பங்கு போச்சு. 1985-ல் ஹூஸ்டனில் மொராலெஸ் ஒரே ஒருத்தர்தான். ஆப்புல எத்தனை மொராலெஸ் இருந்தாங்கன்னு உங்களால எண்ணவே முடிஞ்சிருக்காது.

ரெயெஸ் என்ன ஆனார்? 2022-ல் ஹனோயில் நடந்த தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில் குழியே இல்லாத மேசையில் ஆடும் கேரம் பிரிவில் வெண்கலம் வாங்கினார். அப்போது வயது 67. பனியனில் பிலிப்பைன்ஸ் கொடி, ஸ்கோர் போர்டில் ரெயெஸ் என்ற சொந்தப் பெயர்.

இன்னைக்கு இவ்வளவுதான். அந்த 1995 ‘இசட்’ அடியை யூடியூப்ல தேடிப் பாருங்க, முதல்ல சாதாரண வேகத்துல, அப்புறம் மெதுவா. பார்த்துட்டு எத்தனை ஓரம் தொட்டுதுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.