பழைய டிராக்டர்களும் எம் தந்தையாரும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

இம்மேடையில் ஏறிய அன்பர்கள் பெரும்பாலும் கம்பரைப் பற்றியும் வள்ளுவரைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள். நாமோ மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வே பார்சல் அலுவலகத்தில் மூட்டைகளை நிறுத்துச் சீட்டெழுதிக் காலங்கழிப்பவர்கள். 'உங்களுக்குத் தெரிந்த எதைப் பற்றியேனும் பேசுங்கள்' என்று செயலாளர் அவர்கள் வற்புறுத்தியபடியால், பழைய டிராக்டர்களைக் காணச் சென்ற கதையைச் சொல்லத் துணிந்தோம். அன்பர்கள் சிலர் புன்னகை புரிவது தெரிகிறது. ஃபரிதாபாத்தில் தடுக்கி விழுந்தால் டிராக்டர் உதிரிப்பாகக் கடையின் வாசலில்தானே விழவேண்டும், இதில் காண என்ன இருக்கிறது என்று எண்ணுகிறீர்கள் போலும்!

உண்மைதான். இந்த நாட்டிலேயே செய்யப்பட்ட முதல் டிராக்டர் 1959-ஆம் ஆண்டில் இவ்வூரில்தான், ஐஷர் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. 1971-இல் ஃபோர்டு டிராக்டர்களும் இங்கேயே உருவாகத் தொடங்கின. இங்கு அமர்ந்திருப்போரில் சிலருடைய தகப்பனார்கள் அத்தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும்பொருட்டே தென்னாட்டிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்கள். ஆயினும் நாம் இவ்வூருக்கு வந்து பதினேழு ஆண்டுகளில் ஒரு டிராக்டரையேனும் நின்று பார்த்ததில்லை. நேரம் ஏது? எமக்கு வார ஓய்வு வியாழக்கிழமை. குழந்தைகளுக்கு விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. இல்லத்தரசியார் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, காலனியில் இருபது வீடுகளுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுக்கிறார். (அம்மாவைத் தின்று வளர்ந்த உடல்கள் பல இங்கேயே உள்ளன, சாட்சி வேண்டியதில்லை.) மூத்த பெண் பத்தாம் வகுப்பு. சிறுவனைப் பற்றிச் சொல்லாதிருப்பதே நலம்.

இவ்வாறிருக்கையில், மூன்றாண்டுகளுக்கு முன் எம் தாயார் காலமானார். கும்பகோணத்திற்கு அருகில் ஒரு சிற்றூரில் தனியே இருந்த தந்தையாரை இங்கே அழைத்து வந்தோம். அப்போது அவருக்கு வயது எழுபத்திரண்டு. இந்தி ஒரு சொல்லும் அறியார். காலையில் குளித்துத் திருநீறணிந்து வாசலில் அமர்வார், பத்து மணிக்கு நடைமேடைப் பெஞ்சிற்குப் போவார், வண்டிகள் போவதையும் வருவதையும் பார்ப்பார், பசித்தால் திரும்புவார். 'மாமா, இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா?' என்று மருமகள் கேட்டால் கையசைப்பார். மாதத்திற்கு ஒருமுறை, சம்பள நாளாகப் பார்த்து, 'தம்பி, ஊருக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிடேன்' என்பார். ஊரில் வீடு பூட்டிக் கிடந்தது. கொல்லைப்புறச் சுவர் மழையில் விழுந்துவிட்டது. 'அங்கே போய் யாரப்பா உங்களைப் பார்ப்பது?' என்போம். அவர் மறுமொழி சொல்லமாட்டார். அடுத்த மாதமும் கேட்பார். அந்தக் கேள்வி வருமென்று அஞ்சியே நாம் சம்பள நாளன்று தாமதமாக வீடு திரும்பியதுண்டு. இதனைச் சபையில் சொல்ல வெட்கமாகவே இருக்கிறது.

பல்வல் பக்கத்து விவசாயி ஒருவர் விதை மூட்டை எடுக்கவும் பம்ப்பு உதிரிப்பாகம் அனுப்பவும் எம் அலுவலகத்திற்கு அடிக்கடி வருவார். அறுபதைக் கடந்தவர், பெரிய தலைப்பாகை, அனைவரும் அவரை 'தாவூஜி' என்றே அழைப்பர். சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒருநாள், 'பாபுஜி, ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிராமத்தில் மேளா. மல்யுத்தம் உண்டு. பழைய டிராக்டர்களையெல்லாம் வரிசையாக நிறுத்தி ஓட்டிக் காட்டுவோம். குழந்தைகளை அழைத்து வாருங்கள்' என்றார். நாம் வழக்கம்போல் தலையசைத்துவிட்டு மறந்திருப்போம். ஆனால் அன்று தந்தையார் அலுவலக வாசலில் நின்றிருந்தார். பேச்சில் 'டிராக்டர்' என்ற ஒரே சொல்தான் அவருக்குப் புரிந்தது. 'என்ன டிராக்டராம்?' என்று கேட்டார். பல மாதங்களுக்குப் பிறகு அவராக எம்மிடம் கேட்ட, டிக்கெட்டைப் பற்றியதல்லாத முதற் கேள்வி அதுவே.

எம் தந்தையார் 1976 முதல் 2001 வரை ஒரு மிராசுதாரரிடம் டிராக்டர் ஓட்டியவர். ஜூன் 12-ஆம் நாள் மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால், அவரை வீட்டில் காண்பது அரிது. இரும்புக் கூண்டுச் சக்கரங்களைப் பூட்டித் தொழி அடிக்கத் தொடங்கினால், இரவிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டுவார். அவருடைய தகப்பனாரோ ஏர் உழுதவர். டிராக்டர் வந்த பின் பாட்டனாரின் உழவு மாடுகள் விலைப்பட்டன. அன்று அவர் உணவு கொள்ளவில்லை என்று பாட்டியார் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆகவே, இயந்திரம் வந்தது எல்லோருக்கும் நன்மை என்று மேடையில் முழங்க நாம் ஆயத்தமாக இல்லை. ஒரு வீட்டில் மகன் ஓட்டிய வண்டியே தகப்பனாரின் தொழிலை எடுத்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை போவதென்று முடிவாயிற்று. உடனே எதிர்ப்பும் எழுந்தது. 'பெண்ணுக்குப் பரீட்சைக்குப் பத்து நாள்கூட இல்லை. திங்கட்கிழமை மாவுக்கு அரிசி யார் ஊறவைப்பது?' என்று இல்லத்தரசியார் கேட்டார். நியாயமான கேள்வி. சக குமாஸ்தா ஒருவரிடம் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு, பெண்ணுடைய பௌதிகப் புத்தகத்தையும் பையில் போட்டுக்கொண்டு, எல்லோருமாகப் பல்வல் போகும் ஷட்டில் வண்டியில் ஏறினோம். அங்கிருந்து ஒரு டிரெய்லரில், வைக்கோல் மேல் அமர்ந்து கிராமம் போய்ச் சேர்ந்தோம். இருபுறமும் கடுகுப் பயிர் முற்றிக் காய்த்து நின்றது. கோதுமை இன்னும் பச்சை. ஒருபுறம் மல்யுத்தக் களம், ஒருபுறம் ஜிலேபிக் கடை, ஒலிபெருக்கியில் ராகினிப் பாட்டு. களத்து மேட்டில் ஒன்பது டிராக்டர்கள், மணப்பெண்களைப் போல் சாமந்தி மாலை அணிந்து நின்றிருந்தன.

அவற்றுள் எல்லோரும் சூழ்ந்து நின்றது ஜெர்மனி நாட்டு மன்ஹைம் நகரில் செய்யப்பட்ட லான்ஸ் புல்டாக். ஒரே சிலிண்டர். அதனைக் கிளப்புவது சாமானிய காரியமன்று. முகப்பிலுள்ள இரும்புக் குமிழை ஸ்டவ் போன்ற ஓர் ஊதுவிளக்கால் நெடுநேரம் பழுக்கக் காய்ச்ச வேண்டும். பின்னர் ஸ்டீயரிங் சக்கரத்தையே தண்டோடு உருவி எடுத்து, பக்கத்திலுள்ள ஃப்ளைவீலில் செருகிச் சுழற்ற வேண்டும். 'டொப்... டொப்...' என்று அது உயிர்த்தெழுந்தபோது பூமி அதிர்ந்தது. சிறுவன் காதைப் பொத்திக்கொண்டு குதித்தான்.

தந்தையார் அதன் பக்கம் போகவில்லை. வரிசையின் கோடியில் நின்ற ஒரு சிறிய சாம்பல் நிற வண்டியின் பின்புறம் போய்க் குனிந்து நின்றார். அது ஃபெர்குசன் டி.ஈ. 20. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் ஐந்து லட்சத்திற்கு மேல் செய்தார்களாம். எட்மண்ட் ஹில்லாரி எவரெஸ்டு ஏறியதை நாம் அறிவோம். அவரே 1958 ஜனவரி 4-ஆம் நாள் தென்துருவத்தை அடைந்தது இந்த வகை டிராக்டரில்தான். ஆனால் அதன் பெருமை அதுவன்று. தந்தையார் பேத்தியை அழைத்து, பின்புறமிருந்த மூன்று கைகளைத் தொட்டுக் காட்டினார்.

'இதைப் பார், கண்ணு. இது இல்லாத காலத்தில் கலப்பையை வண்டி மாதிரி பின்னால் கட்டி இழுப்பார்கள். கலப்பை ஒரு வேரில் மாட்டினால் போதும், வண்டி முன்காலைத் தூக்கி அப்படியே பின்னால் புரளும். ஓட்டுகிறவன் அடியில். ஃபெர்குசன் என்பவன்தான் மேலே ஒரு கை, கீழே இரண்டு கை வைத்தான். கலப்பை எவ்வளவுக்கு இழுக்கிறதோ அவ்வளவுக்கு முன்சக்கரம் மண்ணில் அமுங்கும். பின்சக்கரத்திலும் பாரம் ஏறும். வண்டி எடை குறைவாக இருந்தாலும் சறுக்காது.'

பெண் பையிலிருந்து பௌதிகப் புத்தகத்தை எடுக்கவில்லை. தாத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை, நாமும் கேட்டதில்லை. ஹாரி ஃபெர்குசன் வட அயர்லாந்துக்காரர்; 1938-இல் ஹென்றி ஃபோர்டுடன் எழுத்தில் எதுவுமின்றிக் கைகுலுக்கி ஒப்பந்தம் செய்து, பிற்காலத்தில் அது முறிந்து வழக்காடி, 1952-இல் தொண்ணூற்றிரண்டரை லட்சம் டாலர் பெற்றார் என்பதெல்லாம் நாம் பின்னர்ப் படித்தறிந்தவை. எழுதாத ஒப்பந்தத்தின் விலையை எம்மைப் போன்ற சீட்டெழுதும் குமாஸ்தாக்கள் நன்கு உணர்வோம்!

அந்தச் சாம்பல் வண்டிக்கு வாரிசாக 1956-இல் '35' என்னும் வகை தோன்றியது. கம்பெனியும் மாஸ்ஸி ஃபெர்குசன் என்று பெயர் மாறியது. அதன் கூட்டுறவோடு 1960-இல் சென்னையில் டாஃபே நிறுவனம் ஏற்பட்டது. தொழிற்சாலை செம்பியத்தில், அதாவது பெரம்பூருக்கு அடுத்து. ரயில்வே வீட்டாருக்குப் பெரம்பூரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே உருவான 1035 என்னும் சிவப்பு வண்டியைத்தான் எம் தந்தையார் இருபத்தைந்தாண்டுகள் ஓட்டினார். அதே 1035 ஒன்று, பெயின்ட் வெளுத்து, மாலையோடு வரிசையின் நடுவில் நின்றது. அது நம் தாவூஜியினுடையது.

ஓட்டிக் காட்டும் முறை வந்தபோது அது கிளம்பவில்லை. பாட்டரியைத் தட்டினார்கள், தள்ளினார்கள், இளைஞர்கள் நகைத்தார்கள். தாவூஜியின் முகம் சிவந்துவிட்டது. யாரோ டாங்கியில் டீசலை அடியோடு தீரவிட்டுப் பிறகு ஊற்றியிருக்கிறார்கள். தந்தையார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். மேல்துண்டை எடுத்துச் சிறுவனிடம் கொடுத்தார். 'ஸ்பானர்' என்றார். ஒருவருக்கும் விளங்கவில்லை. விரலால் முறுக்கிக் காட்டினார். 'பானா! பானா!' என்று கூவி ஒருவர் எடுத்து நீட்டினார். 'குழாயில் காற்று புகுந்திருக்கிறது, தம்பி. சொல்லு அவரிடம்' என்றார். நாம் சொல்வதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டார். ஃபில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தினார். பம்ப்பின் கைப்பிடியை மேலும் கீழும் அசைத்தார். நுரை நுரையாக டீசல் வந்தது. நுரை நின்று தெளிவாக வழிந்ததும் திருகை இறுக்கினார். அடுத்து இஞ்செக்‌ஷன் பம்ப்பிலும் அவ்வாறே. கைவிரல்கள் நடுங்கின; ஆனால் தேடவில்லை. இருக்கையில் ஏறி அமர்ந்து சாவியைத் திருப்பினார். இரண்டு முறை முனகி, மூன்றாம் முறை கிளம்பியது.

அவரை இறங்கவிடாமல், ஊரைச் சுற்றி ஓட்டச் செய்தார்கள். தாவூஜி மட்கார்டில் ஏறி அமர்ந்துகொண்டார். ஒருவர் தமிழிலும் மற்றவர் ஹரியானா மொழியிலும் இடைவிடாது பேசிக்கொண்டே சென்றதை நாங்கள் களத்து மேட்டிலிருந்து பார்த்தோம். இல்லத்தரசியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜிலேபிக்காரரிடம் விலை கேட்டார்.

அதன் பிறகு ஊருக்கு டிக்கெட் கேட்பது நின்றுவிட்டதா என்று நீங்கள் கேட்கலாம். நிற்கவில்லை. இப்பொழுதும் கேட்கிறார்; சென்ற பொங்கலுக்குக் கூட்டிச் சென்று சுவரையும் கட்டிவிட்டு வந்தோம். ஆனால் மாதத்தில் இரண்டு முறையேனும் காலை ஷட்டிலில் பல்வல் செல்கிறார். தாவூஜியின் பேரன் நிலையத்தில் காத்திருப்பான். அக்கிராமத்தில் அவருக்கு 'மிஸ்திரிஜி' என்று பெயர். ஹெச்.எம்.டி. டிராக்டர் ஒன்று நான்கு வருடமாகக் கிடையில் கிடக்கிறதாம். அதனைச் செய்த பிஞ்சோர் தொழிற்சாலையை மூட 2016-இல் அரசு முடிவெடுத்துவிட்டபடியால் உதிரிப்பாகம் கிடைப்பது துர்லபம். 'பார்க்கலாம்' என்று தந்தையார் சொல்லியிருக்கிறார். பெண்ணுடைய பரீட்சை முடிவு என்னவாயிற்று என்று தாய்மார்கள் கேட்பார்கள்: தேறிவிட்டாள், பௌதிகத்தில் மட்டும் நாம் எதிர்பார்த்த அளவு இல்லை.

சென்ற மாதம் கும்பகோணத்திலிருந்து ஒரு தகரப்பெட்டி பார்சலில் வந்தது. தந்தையார் எம்மிடம் சொல்லாமல் தம் தங்கை மகனுக்கு எழுதி வரவழைத்திருக்கிறார். எம் தராசிலேயே நிறுத்தோம்: 14 கிலோ. அவருடைய பழைய ஸ்பானர்கள். வீட்டிற்குக் கொண்டுபோகப் பொறுக்காமல் அலுவலகத் தரையிலேயே பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினார். ஒன்று குறைந்தது. எந்த மருமகன் அதனை எடுத்தான் என்று அன்று மாலைவரை தொலைபேசியில் விசாரணை நடந்தது. எமது கைப்பேசியில்தான்.