கியூபாவும் அமெரிக்க ஓட்டும்
(மில் வாயிற் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



ஐ.நா. சபையில் ஒரு தேசத்தின் பிரதிநிதி ஓட்டுப் போடுகிறார் என்றால், அவருடைய சர்க்கார் சொன்னபடி போடுகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். அமெரிக்கா விஷயத்தில் அது பாதி உண்மைதான். சர்க்காரையே கட்டிப் போடும் சட்டங்கள் அங்கே உண்டு.

1996 மார்ச் 12-ந் தேதி ஜனாதிபதி கிளிண்டன் கையெழுத்திட்ட ஹெல்ம்ஸ்-பர்ட்டன் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கியூபா மீது போட்ட பொருளாதாரத் தடையை அது சட்டமாகவே ஆக்கிவிட்டது. அதன் பிறகு காங்கிரஸ் (அமெரிக்கப் பார்லிமெண்டைச் சொல்கிறேன், நம்மூர்க் கட்சியை அல்ல!) சம்மதிக்காமல் ஜனாதிபதி நினைத்தாலும் தடையை அடியோடு எடுக்க முடியாது.

அதன் 104-வது பிரிவைக் கேளுங்கள். உலக வங்கி, சர்வதேச நிதியம் போன்ற ஸ்தாபனங்களில் கியூபாவைச் சேர்க்கும் பேச்சு வந்தால், அங்குள்ள அமெரிக்க டைரக்டர் எதிர்த்தே ஓட்டுப் போட வேண்டும். அதை மீறி ஸ்தாபனம் கடன் கொடுத்தால், அந்தத் தொகையை அமெரிக்கா தான் கட்டவேண்டிய பணத்தில் பிடித்துக்கொள்ளும். எதுவரை? ஹவானாவில் ஜனநாயக சர்க்கார் வந்துவிட்டதென்று அமெரிக்க ஜனாதிபதி ஒப்புக்கொள்ளும் வரை! இடைக்கால சர்க்காரில்கூட பிடல் காஸ்ட்ரோவோ ராவுல் காஸ்ட்ரோவோ இருக்கக் கூடாதென்று பெயர் போட்டே எழுதியிருக்கிறார்கள். அடுத்த வீட்டுக்கு யார் தலைவன் என்று இவர்கள் சட்டம் போடுகிறார்கள்!

நமது கூட்டுறவு சங்கத்தில் ஆளுக்கு ஒரு ஓட்டு. சர்வதேச நிதியத்தில் பணத்துக்கு ஓட்டு. அமெரிக்கா கையில் சுமார் 16.5 சதவீதம், சில பெரிய முடிவுகளுக்கு 85 சதவீதம் வேண்டும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

பொதுச்சபையில் ஏழை தேசத்துக்கும் ஒரு ஓட்டு உண்டு. 1992 முதல் ஏறக்குறைய ஆண்டுதோறும் தடையை நீக்கக் கோரும் தீர்மானம் அங்கே வருகிறது. முதல் வருஷம் ஆதரவு 59. 2024-ல் 187, எதிர்த்தவை அமெரிக்காவும் இஸ்ரேலும்தான். 2025-ல் அமெரிக்கா நெருக்கியது. ஆதரவு 165 ஆக இறங்கிற்று, எதிர்ப்பு 7.

2016-ல் ஒரு வேடிக்கை நடந்தது. ஒபாமா சர்க்கார் எதிர்க்காமல் நடுநிலை வகித்தது. ஆதரவு 191, எதிர்ப்பு பூஜ்யம். தடை நீங்கிற்றா? இல்லை, சட்டம் அசையவில்லை. மறு வருஷமே, புது ஜனாதிபதியின் கீழ், அமெரிக்க ஓட்டு பழையபடி எதிர்ப்புக்குத் திரும்பிற்று.

1992-ல் போட்ட இன்னொரு சட்டமும் இருக்கிறது. வியாபாரத்துக்காகக் கியூபாத் துறைமுகத்துக்குப் போன கப்பல், லைசென்ஸ் இல்லாமல் 180 நாள் அமெரிக்காவில் சரக்கு ஏற்றவோ இறக்கவோ கூடாது. கப்பல்காரன் சும்மா இருப்பானா? கூலியை ஏற்றுகிறான். ஹவானாவில் தொழிலாளி வாங்கும் ரொட்டியின் விலையில் அந்தக் கூலியும் சேர்ந்திருக்கிறது.