காதால் விமானத்தைத் தேடிய காலம்



வானத்தில் விமானம் ஒன்று மிக உயரத்தில் பறக்கிறது. சத்தம் வரும் திசையில் அண்ணாந்து பார்த்தால், அங்கே விமானம் இல்லை. அது வெகுதூரம் முன்னால் போய்விட்டிருக்கிறது. ஏன் இப்படி?

ஒளி கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடுகிறது. ஒலியோ காற்றில் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் செல்லும். ஒரு கிலோமீட்டரைக் கடக்க அதற்கு மூன்று விநாடி வேண்டும். பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் இருந்து சத்தம் நம்மை வந்து சேர அரை நிமிடம் ஆகிறது. அதற்குள் விமானம் ஏழெட்டுக் கிலோமீட்டர் பறந்துவிடுகிறது.

ஆயினும், ஒரு காலத்தில் விமானத்தைக் காதால்தான் தேடினார்கள். முதல் உலகப் போரில் இங்கிலாந்தின் மீது ஜெர்மானியர் குண்டு வீசினர். எதிரி வருவதை முன்கூட்டியே அறிய வழி தேவைப்பட்டது. தூரத்துப் பேச்சைக் கேட்க நாம் உள்ளங்கையைக் குவித்துக் காதின் பின்னால் வைக்கிறோம் அல்லவா? அதையே அவர்கள் கான்கிரீட்டில் செய்தார்கள். இங்கிலாந்தின் கெண்ட் கரையோரத்தில், டெஞ்ச் என்னுமிடத்தில், 1928ஆம் ஆண்டில் 20 அடிக் குழிவட்டம் ஒன்றைக் கட்டினர். 1930இல் 30 அடி வட்டமும் 200 அடி நீள வளைந்த சுவரும் எழுந்தன. இவற்றுக்கு 'ஒலிக் கண்ணாடிகள்' என்று பெயர். டாக்டர் வில்லியம் டக்கர் என்பவர் இந்த ஆராய்ச்சியை நடத்தினார். கடல் மேல் வரும் ஒலி அந்தக் குழிவில் பட்டுத் திரும்பி ஓரிடத்தில் குவியும். எந்த இடத்தில் சத்தம் அதிகம் என்று கேட்டு, விமானம் வரும் திசையைக் கணித்தார்கள். மால்டா தீவிலும் இப்படி ஒரு சுவர் உண்டு. அதை அங்குள்ள மக்கள் 'காது' என்றே அழைக்கிறார்கள்.

காற்று அமைதியான நாளில் சுமார் 32 கிலோமீட்டர் தொலைவில் வரும் விமானத்தை இவை உணர்த்தின. அந்த ஒலி வந்து சேரவே ஒன்றரை நிமிடம் ஆகும். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானமென்றால், எச்சரிக்கைக்குப் பத்து நிமிடம் கிடைக்கும். 400 கிலோமீட்டர் வேகமென்றால் மூன்று நிமிடந்தான் மிஞ்சும். கப்பல் இரைச்சலும் காற்றின் ஓசையும் வேறு குழப்பின. 1935 பிப்ரவரி 26ஆம் நாள், ராபர்ட் வாட்சன் வாட் என்பவர் வானொலி அலைகளைக் கொண்டு விமானத்தைக் கண்டறிந்து காட்டினார். அதுவே ரேடார். வானொலி அலை ஒளியின் வேகத்தில் செல்வது. கான்கிரீட் காதுகளுக்கு அத்துடன் வேலை முடிந்தது.

ஒலி எப்போதும் ஒரே தூரம் கேட்பதில்லை. பகலில் தரை சூடாவதால் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். இரவிலும் விடியற்காலையிலும் தரையோரக் காற்று குளிர்ந்திருக்கும். அப்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து வரும். விடியலில் அடிக்கும் பெரட்டு மணி வெகுதூரம் கேட்பதற்கு இது ஒரு காரணம்.

இந்தக் கணக்கு நம் உயிரையும் காக்கும். மின்னல் தெரிந்ததும் ஒன்று, இரண்டு, மூன்று என்று விநாடிகளை எண்ணுங்கள். இடி கேட்டதும் அந்த எண்ணை மூன்றால் வகுத்தால், மின்னல் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் என்பது தெரியும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால், மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்தது நம் தலைமேலேயே விழலாம். இன்னும் நாலு மரந்தானே என்று பால்வெட்டை நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம். மரத்தடியில் ஒதுங்கவும் வேண்டாம். உடனே வீட்டுக்குள்ளோ நல்ல கட்டடத்துக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழிந்த பிறகே வெளியில் வாருங்கள். திடலில் பந்து விளையாடும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. கண்ணும் காதும் போதும்.