பஸ் திரும்புகிற காட்சி

சாரலில் நனைந்தபடி வந்து உட்கார்ந்திருக்கிற அக்காமார்களே, தங்கச்சிகளே, வாசலோரமாக நிற்கிற அண்ணாச்சிகளே, வணக்கம்.

உள்ளே வரும்போது ஒரு பெரியவர் கேட்டார்: "பொம்பளைப் பிள்ளைக ரோட்டுல படுற பாட்டைப் போயி பொம்மைப் படமாவா எடுக்கப்போறீக?" ஆமாம் ஐயா, பொம்மைப் படம்தான். அனிமேஷனில் ஓர் ஆவணப்படம். ஏன் என்று சொல்லத்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

இந்தத் தென்காசி பஸ் ஸ்டாண்டிலிருந்தே தொடங்குகிறேன். 1999 ஜூலை 9, ராத்திரி. குற்றால சீசன் பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் ஒருவர், குடித்துவிட்டு, புருஷனோடு நின்ற ஒரு பெண்ணிடம் அத்துமீறினார். காவலுக்கு வந்தவர்! கேஸ் கோர்ட்டுக்குப் போனது. புருஷனும் பெண்டாட்டியும் பிறழ்சாட்சி ஆனார்கள். போலீஸ்காரர் விடுதலை.

அந்த அம்மாவை நான் ஒரு சொல் குறை சொல்லமாட்டேன். கூண்டில் ஏறினால் ஊர் பார்ப்பது அவள் முகத்தை. மறுநாள் கடைத்தெருவில் "இந்தப் பொம்பளைதான்" என்று கைகாட்டுவதும் அவளைத்தான். காமிராவை நீட்டினால் நாங்களும் அதையேதானே செய்வோம்? முகத்தை மங்கலாக்கினாலும் குரலை வைத்துக் கண்டுபிடிக்க நம் ஊரில் ஆளா இல்லை? கோட்டோவியத்தில் அவளுக்கு வேறு முகம் கொடுக்கலாம், வேறு புடவை கட்டிவிடலாம். அவள் சொன்னது மட்டும் ஒரு எழுத்து மாறாது. டென்மார்க்கிலிருந்து 2021இல் வந்த 'ஃப்ளீ' என்ற படத்தில், ஆப்கானிஸ்தானிலிருந்து தப்பி வந்த ஒருவர் தன் கதையை இப்படித்தான், முகம் காட்டாமல் சொன்னார்.

அந்தப் போலீஸ்காரர் கதை அத்தோடு முடியவில்லை. துறை அவரை டிஸ்மிஸ் செய்தது, ஐகோர்ட் அதை ரத்து செய்தது, 2012 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் அந்த டிஸ்மிஸ் சரியே என்றது. அதே தீர்ப்பில் இன்னொரு உத்தரவும் இருக்கிறது. பஸ்ஸில் ஒரு பெண் புகார் சொன்னால், வண்டியைப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓட்டிப்போக வேண்டும். போகாவிட்டால் பெர்மிட்டை ரத்து செய்ய வேண்டும்.

அப்படித் திரும்பிய பஸ்ஸைக் கண்ணால் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள்!

(ஒரு கையும் எழவில்லை.)

தெரியும். நானும் பார்த்ததில்லை. எனக்குப் பதினாலு வயது, பள்ளிக்கூடத் தாவணி. பின்னாலிருந்து ஒரு கை. அம்மா கொடுத்துவிட்ட ஊக்கு டிபன் பாக்ஸ் பைக்குள் கிடக்கிறது, அதை எடுக்கக் கம்பியை விட்டால் அவன் மேலேயே சாய வேண்டும். "அண்ணே, இவரைப் பாருங்க" என்றேன். கண்டக்டர் அவனைப் பார்க்கவில்லை. "முன்னால ஏறிப் போம்மா" என்றார். முன்னால்தான் போனேன். ஜன்னலோரத்தில் இருந்தவர் தினத்தாளைப் புரட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

எங்கள் படத்தில் ஊக்கு வராது. பெண்ணுக்குக் கராத்தே சொல்லிக்கொடுக்கிற காட்சியும் வராது. அவளுக்குப் பாடம் நடத்தி நடத்தித்தான் இத்தனை காலம் போயிற்று. அந்தத் தினத்தாள்காரரை வரையப்போகிறோம். அவர் பக்கம் புரட்டுகிற விரலை, ரோமம் உட்பட. பக்கம் புரட்டியது அவர் மட்டுமா? 1998இல் சென்னையில் ஆட்டோவில் வந்த கும்பலால் ஒரு கல்லூரி மாணவி செத்த பிறகுதான் நம் மாநிலத்துக்கு ஒரு தனிச் சட்டம் வந்தது. அதற்கும் 'ஈவ் டீசிங்' என்று செல்லப்பேர் வைத்தார்கள்! 'துன்புறுத்தல்' என்று திருத்த 2002 ஆயிற்று. கதாநாயகியைத் தெருத்தெருவாகத் துரத்துகிறவனுக்கு விசிலடித்துப் பழகிய ஊர்தானே, பேரை மாற்ற யாருக்கு அவசரம்?

ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு படம் வரைய வேண்டும். இருபது நிமிடப் படத்துக்கு 14,400. பெரிய வேலைதான், ஆனால் புதிதில்லை. 1915இல் லூசிடேனியா கப்பல் மூழ்கியபோது படம்பிடிக்கக் காமிரா இல்லை. வின்சர் மெக்கே என்ற ஓவியர் அதைக் கையால் வரைந்து 1918இல் திரையில் ஓட்டினார். யாரும் படம்பிடிக்காததை வரைந்து காட்டலாம் என்று அன்றைக்கே ஆகிவிட்டது. நாங்கள் வரையப்போவதும் அப்படி ஒன்று: நடுவழியில் ஒரு டவுன் பஸ், போலீஸ் ஸ்டேஷன் பக்கம் திரும்புகிற காட்சி.

வாசலில் காக்கிச் சட்டையோடு இரண்டு அண்ணாச்சிகள் நிற்கிறீர்கள், பஸ் டூட்டி முடிந்து வந்தீர்கள் போல. உங்களிடம்தான் கேட்க வேண்டும். ஒரு விசிலுக்கு வண்டி நிற்கும், இரண்டு விசிலுக்குப் புறப்படும். வண்டியைப் போலீஸ் ஸ்டேஷனுக்குத் திருப்ப எத்தனை விசில், அண்ணாச்சி? கூட்டம் முடிந்ததும் சொல்லிவிட்டுப் போங்கள். அந்தச் சத்தம் தெரியாமல் காட்சியை எங்களால் வரைய முடியவில்லை.