ஒரு தடவைக்கு ஒரு திருத்தம்

(நூற்றாண்டு விழாவையொட்டி விஞ்ஞான மன்ற மாணவியருக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டொக்டர் என்றால் டெங்கு பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். மேசையில் இருப்பதோ ஈர்க்கும் மெல்லிய பொலித்தீனும் கொண்டு நீங்களே செய்த விமானம். விசிறி, யோகட் கோப்பையில் வெட்டியது. இயந்திரம், ஓர் இறப்பர் பட்டி.

1871இல் பாரிஸ் துய்லரி பூங்காவில் அல்போன்ஸ் பெனோ என்ற 21 வயது இளைஞர் இப்படியொன்றைப் பறக்கவிட்டார். 11 விநாடி பறந்தது. இடுப்பு மூட்டு நோயால் கடற்படையில் சேர முடியாமற்போனவர் அவர். இறப்பர் நாற்றுகள் நம் தீவின் ஹெனரத்கொடைக்கு வந்ததே அதன்பின், 1876இல்தான். இன்று ருமேனியாவின் ஸ்லானிக் உப்புச் சுரங்கத்துக்குள் இரண்டு கிராம்கூட இல்லாத விமானங்களைப் போட்டிக்குப் பறக்கவிடுகிறார்கள். அரைமணி நேரம் பறப்பவையும் உண்டு. நமக்கு இந்த மண்டபம் போதும். சன்னல்களைச் சாத்தி மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

முதலில் இறப்பரை முறுக்காமல் மெதுவாக விட்டுப் பாருங்கள். மூக்கைத் தூக்கி, தயங்கி, தொப்பென்று விழுந்தால் சிறகைச் சற்றுப் பின்னே நகர்த்துங்கள். நேரே தலைகுப்புறப் போனால் முன்னே. அதன்பிறகு நூறு முறுக்கு. மிதக்கும்போது ஒழுங்காக இருந்தது, முறுக்கிவிட்டதும் மூக்கைத் தூக்குகிறதா? சிறகைத் தொடாதீர்கள், குற்றம் அதிலில்லை. விசிறியின் அச்சை ஒரு மயிரிழை கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும். விசிறி வலமாகச் சுற்றும்போது உடல் இடப்பக்கம் சாயப் பார்க்கும். அதனால் இடப்பக்கமே வட்டமிடவிட்டு, இடச்சிறகின் முன்விளிம்பைச் சிறிது உயர்த்திக் கொடுங்கள். இறப்பருக்குப் பாமசிக் கிளிசரின் பூசலாம். தேங்காயெண்ணெய் கூடாது, இறப்பர் இளகிப்போகும்.

காலையில் உங்களைக் கவனித்தேன். ஒரு குழு விமானம் விழுந்ததும் சிறகு, வால், விசிறி, இறப்பர் நாலையும் ஒரேயடியாக மாற்றியது. இன்னொரு குழு "இது சரிவராது மிஸ்" என்று பெட்டிக்குள் வைத்துவிட்டது. எனக்கு இரண்டாவதுதான் கவலை. கணிதத்தில் ஒரு தவணை புள்ளி குறைந்ததும் "விஞ்ஞானப் பிரிவு நமக்கில்லை" என்று தோட்டத்துப் பிள்ளைகள் ஒதுங்குவதும் இதே குரலில்தான். விழுந்த விமானம் ஒரு நோயாளி, அவ்வளவுதான். காய்ச்சலோடு வரும் கைக்குழந்தை எங்கே நோகிறதென்று சொல்லாது, பார்த்துத்தான் அறிகிறோம். நாலு மருந்தைச் சேர்த்து மாற்றினால் எது கேட்டதென்று யாருக்கும் தெரியாது.

ஆகவே ஆளுக்கொரு கொப்பி. முறுக்கு எத்தனை, எதை எவ்வளவு மாற்றினீர்கள், எத்தனை விநாடி பறந்தது, எந்தப் பக்கம் விழுந்தது என்று ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான்.

பெட்டிக்குள் வைத்த குழு முதலில் வரட்டும். ஒருவர் பிடிக்க, ஒருவர் முறுக்க, ஒருவர் நேரம் பார்க்க. கதவருகே நிற்கும் தங்கச்சி, அந்தக் கதவைச் சாத்திவிடுங்கோ.