ஒருவரும் விரும்பாத இலாகா

நன்கு பழகிய காரியத்தைத் திறம்பட நடத்திக்கொண்டிருக்கும் ஒருவரிடம், அதை விட்டுவிட்டு முன்பின் அறியாத வேறொரு பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னால், அவர் தயங்குவது இயல்பே. அதிலும், அந்தப் பொறுப்பு முன்னிருந்தவர்களின் பெயரைக் கெடுத்த ஒன்று என்பது ஊரறிந்த விஷயமானால், அவர் மறுத்துவிட்டாலும் எவரும் குறை சொல்லப்போவதில்லை. அத்தகைய அழைப்பு ஒன்று 1964-ஆம் ஆண்டில் சி. சுப்பிரமணியம் அவர்களுக்கு வந்தது.

பொள்ளாச்சிக்கு அருகே செங்குட்டைப்பாளையத்தில் 1910-இல் பிறந்து, சட்டம் பயின்று, சென்னை ராஜ்யத்தில் பத்தாண்டுக் காலம் கல்வி, நிதி முதலிய இலாகாக்களை நிர்வகித்து, 1962-இல் தில்லி சென்று எஃகு இலாகாவைக் கவனித்து வந்தவர் அவர். புதிய பாரதத்தின் லட்சியங்களெல்லாம் உருக்காலைகளிலும் அணைக்கட்டுகளிலும் குடிகொண்டிருந்த அந்நாளில் எஃகு இலாகாவுக்கு இருந்த கௌரவமே தனி. உணவு விவசாய இலாகாவோ, மழை பொய்த்தாலும் மந்திரியைப் பழிக்கும் இலாகா. நேருவுக்குப் பின் பிரதமரான லால் பகதூர் சாஸ்திரி அதை ஏற்கும்படி கேட்டபோது சுப்பிரமணியம் இசைந்தார்.

விவசாயக் குடும்பத்தில் பிறந்தவருக்கு விவசாயம் எப்படிப் புதிதாகும் என்று நேயர்கள் கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் கொங்கு நாட்டுக் கிணற்றுப் பாசனத்தை அறிந்திருப்பது ஒன்று. அமெரிக்கத் தானியக் கப்பல்கள் எப்போது கரை சேரும் என்று பார்த்துப் பார்த்து ரேஷன் கடைகளை நடத்திவந்த ஒரு தேசத்தின் உணவுப் பிரச்சினையைத் தீர்ப்பது முற்றிலும் வேறொன்று. கோதுமை விளையும் பஞ்சாபும் அவருடைய ஊரன்று; பயிர்களின் மரபணு ஆராய்ச்சியும் அவர் பயின்ற சட்டத்துக்கு வெகு தூரம்.

அந்த அறியாமையை மறைக்க அவர் முயலவில்லை என்பதைத்தான் நான் அவருடைய பெருமைகளில் தலையாயதாகக் கருதுகிறேன். தெரிந்தவர்களைத் தேடி, அருகே அமர்த்திக்கொண்டு, வரிசையாகக் கேள்விகள் கேட்டார். அதுவரை நிர்வாக அதிகாரிகளின் தலைமையில் இயங்கிவந்த இந்திய விவசாய ஆராய்ச்சிக் கழகத்துக்கு 1965-இல் பி. பி. பால் என்ற விஞ்ஞானி தலைவரானார். தில்லி பூசா நிலையத்தில் கோதுமை ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த, கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் போன்றோரின் அபிப்பிராயங்கள், கோப்புகளின் அடியில் புதையுண்டு போகாமல், நேராக மந்திரியின் செவியை எட்டின.

அவர்கள் சொன்ன விஷயம் இதுதான். நம் பழைய கோதுமை ரகங்கள் நெடிது வளர்பவை; உரத்தை மிகுதியாக இட்டால் கதிர் கனத்து, தாள் தாங்காமல் பயிர் மண்ணில் சாய்ந்துவிடும்; ஆகவே உரம் கூடக் கூட விளைச்சல் கூடுவதற்குப் பதிலாக நஷ்டமே விளைந்தது. மெக்சிகோவில் நார்மன் போர்லாக் என்ற விஞ்ஞானி உருவாக்கிய லெர்மா ரோஜோ, சோனோரா என்னும் குட்டை ரகங்களோ, ஜப்பானியக் கோதுமை ஒன்றின் வழிவந்த குட்டையான, உறுதியான தாளைக் கொண்டவையாதலால், உரத்தையும் நீரையும் தாராளமாக உண்டும் நிமிர்ந்தே நின்றன. இதைச் சோதனை வயல்களில் பிரத்தியட்சமாகப் பார்த்த பிறகும், அந்த ரகங்களைத் தேசமெங்கும் கொண்டுசெல்வதா என்ற முடிவை விஞ்ஞானிகள் எடுக்க முடியாது. அது மந்திரி எடுக்கவேண்டிய முடிவு.

எதிர்ப்புகள் நான்கு திசைகளிலிருந்தும் வந்தன. அன்னியச் செலாவணிக்கு எங்கே போவது என்றார்கள் சிலர். அன்னிய விதைகளை நம்பி அமெரிக்காவுக்கு அடிமையாவதா என்றார்கள் வேறு சிலர். இந்தச் செந்நிறத் தானியம் சப்பாத்திக்கு ஆகாது என்றார்கள் மற்றும் சிலர். வசதியுள்ள விவசாயியே மேலும் வசதி பெறுவான் என்று அஞ்சியவர்களும் இருந்தார்கள். அந்த அச்சமும், பின்னாளில் பஞ்சாபில் நிலத்தடி நீர் வற்றியதும், ஒதுக்கித் தள்ளக்கூடிய விஷயங்கள் அல்ல என்பதையும் இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் 1965-லும் 1966-லும் பருவமழை அடுத்தடுத்துப் பொய்த்து, பீகாரில் பஞ்சம் தலைகாட்டி, ஒரே ஆண்டில் சுமார் ஒரு கோடி டன் தானியம் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய வேளையில், காத்திருந்து யோசிக்கும் வசதி அவருக்கு இருக்கவில்லை. தில்லியில் தமது அரசாங்க இல்லத்தின் புல்வெளியையே உழச் செய்து, வருவோர் போவோர் கண்டு தெளியும்படி அந்தக் கோதுமையைப் பயிரிட்டார். 1966-இல் 18,000 டன் விதை மெக்சிகோவிலிருந்து வந்து சேர்ந்தது. ஆராய்ச்சி விஞ்ஞானிகளுடையது, விதை பொய்த்தால் பழி தம்முடையது என்ற ஏற்பாட்டை மனமாரச் செய்துகொண்ட ஒருவரால்தான் அவ்வளவு பெரிய கப்பல் சரக்குக்குக் கையெழுத்திட முடியும்.

பழியென்றால் எட்ட நின்றே நமக்குப் பயம். பழகிய நாற்காலியில் இருந்தவாறே பதவி உயர்வை எதிர்பார்க்கும் மனம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் பழகிய இடத்தில் நாம் முன்பே அறிந்த விடைகளைத் திரும்பத் திரும்பச் சொல்வோமேயன்றி, நம்மைக் காட்டிலும் இளையவர்களிடம் போய்ப் பணிவுடன் கேட்கும் அவசியம் நேர்வதில்லை. சுப்பிரமணியத்துக்கு அந்த அவசியத்தை அளித்தது அவர் அறியாத இலாகாதான். எஃகு இலாகாவிலேயே இருந்திருந்தால் அவர் நல்ல நிர்வாகியாக மட்டுமே பெயர் பெற்றிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் கோபிசெட்டிபாளையத்தில் தோற்றார். மந்திரி பதவியும் போயிற்று. 1964-65-இல் சுமார் 1 கோடி 20 லட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1968-ஆம் ஆண்டு அறுவடையில் 1 கோடி 65 லட்சம் டன்னாக உயர்ந்து, வடக்கே பள்ளிக்கூடங்களைக்கூடக் களஞ்சியமாக்க நேர்ந்தபோது, அந்த இலாகாவில் வேறொருவர் மந்திரியாக இருந்தார். ‘கோதுமைப் புரட்சி’ என்று அரசாங்கம் தபால் தலை வெளியிட்டது அந்த ஆண்டில்தான். அதன்பின் திட்டம், தொழில், நிதி, பாதுகாப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக அவர் ஏற்ற பொறுப்புகள் பல. பாரத ரத்னா விருது 1998-இல் கிடைத்தது. 2000-ஆம் ஆண்டில், தொண்ணூறு வயதில், கிராமப்புற விவசாயிகளுக்கென்று தேசிய வேளாண் நிறுவனம் ஒன்றைத் தொடங்கிவிட்டு, அதே ஆண்டு நவம்பரில் காலமானார்.